முதலாளியத்திற்குப் பின் என்ன என்று கேட்போர் முதலில் கணக்கேட்டைத் திறக்கட்டும்



கடந்த சில ஆண்டுகளாக நம் கருத்தரங்க அழைப்பிதழ்களில் 'முதலாளியத்திற்குப் பிந்தைய சமூகம்' என்னும் தொடர் அடிக்கடி தென்படுகிறது. காலநிலை நெருக்கடி, தானியக்கம், செயற்கை நுண்ணறிவு, நிதி மூலதனத்தின் வரம்பின்மை எனக் காரணங்கள் அடுக்கப்படுகின்றன. கட்டுரைகள் படிக்கப்படுகின்றன, பொன்னாடைகள் போர்த்தப்படுகின்றன. அவையிலிருந்து ஒருவர் எழுந்து, "அப்படியொரு சமூகம் வரும் என்றால் இன்றிருக்கும் நிறுவனங்கள் அதற்கு எவ்வாறு தயாராக வேண்டும்?" என்று கேட்டால், வழக்கமான மூன்று விடைகளே கிடைக்கின்றன. முதலாவது, 'வரலாறு தன் வேலையைச் செய்யும், காத்திருங்கள்' என்பது. இரண்டாவது, 'அரசு கையில் எடுத்தால் எல்லாம் சரியாகும்' என்பது. மூன்றாவது, 'நிறுவனங்கள் தம் சமூகப் பொறுப்பை உணர்ந்து தொலைநோக்கு அறிக்கைகளைத் திருத்தி எழுத வேண்டும்' என்பது.

இம்மூன்றும் தயாரிப்பைத் தள்ளிப்போடும் வழிகள் என்பதே என் வாதம். ஒரு நிறுவனம் எதிர்காலத்திற்குத் தயாராக இருக்கிறதா என்பதை அதன் தொலைநோக்கு அறிக்கை காட்டாது. அதன் துணைவிதிகளும் கணக்கேடும் காட்டும். சொத்து யாருடையது? உபரி எங்கே போகிறது? கணக்கை யார் எழுதுகிறார், யார் படிக்க முடிகிறது? நிறுவனம் கலைக்கப்பட்டால் எஞ்சிய சொத்து யாரைச் சேரும்? இந்த நான்கு வினாக்களுக்கு இன்று எழுத்தில் விடை இல்லாத நிறுவனம், நாளை முதலாளியம் தானாகவே சரிந்தாலும், அதன் இடத்தில் இன்னொரு முதலாளியையே உட்கார வைக்கும்.

இதை ஐரோப்பிய நூல்களிலிருந்து தொடங்க வேண்டிய தேவை இல்லை. நாராயணவனத்திலிருந்து தொடங்கலாம்.

2022 ஏப்ரலில் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட திருப்பதி மாவட்டத்தில், புத்தூரை அடுத்துள்ள ஊர் நாராயணவனம். ஆகாசராஜன் மகள் பத்மாவதியை வேங்கடவன் மணந்த இடம் என்பது தலபுராணம். அத்திருமணச் செலவுக்காகக் குபேரனிடம் கடன் பெறப்பட்டது என்றும், அதற்கான வட்டி கலியுகம் முடியும்வரை செலுத்தப்படுகிறது என்றும் பக்தர்கள் நம்புகின்றனர். அந்த நம்பிக்கையை ஆராய்வது என் நோக்கமன்று. ஆயினும், அசல் தீராமல் வட்டி மட்டும் தலைமுறை தலைமுறையாகக் கட்டப்படும் கடன் என்றால் என்ன என்பதை அவ்வட்டாரத்துத் தறிக்காரருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

நாராயணவனம், புத்தூர், நகரி என விரியும் இந்தப் பகுதி நெசவுப் பகுதி. தமிழும் தெலுங்கும் ஒரே தறிக்கூடத்தில் ஒலிக்கும் பகுதி. கைத்தறியும் உண்டு, விசைத்தறியும் உண்டு. இங்கு பரவலாக உள்ள ஏற்பாடு கூலி நெசவு. வியாபாரி பாவும் ஊடையும் கொடுக்கிறார். தறிக்காரர் நெய்து துணியாகத் திருப்பிக் கொடுக்கிறார். கூலி பெறுகிறார். பழுது என்று கண்ட இடத்தில் கூலியில் பிடித்தம். பெண்ணின் திருமணத்திற்கோ மருத்துவச் செலவுக்கோ வாங்கிய முன்பணம் தீரும்வரை வேறு வியாபாரியின் நூலைத் தொட முடியாது.

இங்கே நம் கோட்பாட்டு வகுப்புகள் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி இருக்கிறது. தறி பல வீடுகளில் தறிக்காரருக்கே சொந்தம். அதாவது, 'உற்பத்திச் சாதனம் உழைப்பவர் கையில்' என்ற முழக்கம் ஏற்கெனவே நிறைவேறிவிட்ட ஊர் இது. ஆனாலும் அவர் விடுதலை பெற்றவர் அல்லர். ஏனென்றால் தறியை உடைமையாக்கிக்கொள்ளும் தேவை இங்கே மூலதனத்திற்கு இல்லை. தறி தேய்ந்தால் செலவு தறிக்காரருக்கு, மின்கட்டணம் தறிக்காரருக்கு, தறி நிற்கும் மாதங்களின் பட்டினியும் அவருக்கே. நூலும் கடனும் சந்தையும் வியாபாரி கையில் இருந்தால் போதும். உடைமை என்பதை இயந்திரத்தின் உடைமையாக மட்டும் புரிந்துகொள்கிற எந்த அமைப்பும் இங்கே முதல் நாளிலேயே தோற்றுவிடும்.

2019-20இல் நடைபெற்ற நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு, நெசவாளர் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவாக ஈட்டுவதாகக் காட்டியது. அதே கணக்கெடுப்பின்படி நாட்டின் கைத்தறி நெசவாளரில் பத்தில் ஏழு பேருக்கு மேல் பெண்கள். இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் படித்தால்தான் நாம் பேசும் 'தொழிலாளி' யார் என்பது புலப்படும். தார் சுற்றுபவர், பாவு பிணைப்பவர், பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். அந்த வேலைக்குத் தனிக் கூலி கிடையாது. சங்கத்தின் உறுப்பினர் ஏட்டில் இருப்பதோ பெரும்பாலும் கணவனின் பெயர்.

இனி, 'இதற்கெல்லாம் கூட்டுறவு என்று ஒன்று வந்ததே, தோற்றதே' என்ற குரல் எழும். இதற்கு நேர்மையாக விடை சொல்ல வேண்டும்.

1904ஆம் ஆண்டுக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்திற்கு முன்னோடியாக அமைந்தவை, சென்னை மாகாணத்தில் ஃபிரெடெரிக் நிக்கல்சன் 1895, 1897 ஆண்டுகளில் அளித்த அறிக்கைகள். சட்டம் வந்த அதே ஆண்டில் திருவள்ளூரை அடுத்த திரூரில் வேளாண் கூட்டுறவுக் கடன் சங்கமும், காஞ்சிபுரத்தில் நகரக் கூட்டுறவுச் சங்கமும், திருவல்லிக்கேணியில் நுகர்வோர் கூட்டுறவும் தோன்றின. நாராயணவனம் அப்போது அதே மாகாணத்தில் இருந்தது. 1935இல் நெசவாளர்க்கான மாகாணக் கூட்டுறவு அமைப்பு உருவானது. இன்று கோ-ஆப்டெக்ஸ் என்று நாம் அறிவது அதுவே. ஆந்திரத்திற்கு 1976இல் ஆப்கோ வந்தது. ஆக, நம் பகுதியில் கூட்டுறவுக்கு 120 ஆண்டு வரலாறு இருக்கிறது.

அந்த வரலாற்றின் குறை அதன் பிறப்பிலேயே இருந்தது. மேலிருந்து, பதிவாளரின் மேசையிலிருந்து அது பிறந்தது. 1964ஆம் ஆண்டு ஆந்திரப் பிரதேசக் கூட்டுறவுச் சங்கச் சட்டம் பதிவாளருக்கும் அரசுக்கும் அளித்த அதிகாரங்களைப் படித்துப் பாருங்கள். நிர்வாகக் குழுவைக் கலைக்கலாம், தேர்தலைத் தள்ளிவைக்கலாம், தனி அலுவலரை அமர்த்தலாம். ஊரில் செல்வாக்குள்ள வியாபாரி, அந்த அலுவலரோடு இணங்கி, பெயரளவு உறுப்பினர்களைக் கொண்டு தானே ஒரு சங்கத்தை நடத்தி, நெசவாளர்க்கென வந்த மானியத்தைத் தானே பெற்றுக்கொள்ளலாம். இத்தகைய போலிச் சங்கங்கள் ஆந்திரத்திலும் தமிழகத்திலும் யாருக்கும் புதிய செய்தியல்ல. உண்மையான சங்கங்களுக்கோ, தலைமை அமைப்பு கொள்முதல் செய்த துணிக்குரிய தொகை மாதக்கணக்கில் நிலுவையில் நிற்பது நெடுநாள் முறையீடு. இந்நிலையில் தோற்றது கூட்டுறவா, கூட்டுறவின் பெயர்ப்பலகை மாட்டிய அரசு அலுவலகமா?

நெசவை விட்டுப் பாலுக்கு வருவோம். சித்தூர்ப் பகுதியின் கூட்டுறவுப் பால்பண்ணை 2002இல் மூடப்பட்டது. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன், 1992இல், அதே மாவட்டத்தைச் சேர்ந்த அரசியல் தலைவர் சந்திரபாபு நாயுடு ஹெரிடேஜ் நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். இவ்விரண்டிற்கும் இடையே தொடர்பு உண்டு என்று ஒரு கட்சியும், இல்லை என்று மறு கட்சியும் தேர்தல்தோறும் வழக்காடுகின்றன. அந்த வழக்கில் தீர்ப்பு வழங்க நான் முற்படவில்லை. நான் கேட்பது வேறு. காலையும் மாலையும் பால் ஊற்றிய பல்லாயிரம் குடும்பங்கள் அதன் 'உரிமையாளர்கள்' என்றால், பூட்டு விழுந்த அன்று அவர்களில் ஒருவர் கையிலாவது சாவி இருந்ததா? இல்லை என்றால், அவர்கள் என்றுமே உரிமையாளர்களாக இருந்ததில்லை.

இதே ஆந்திரம் இதற்கு மாற்று வழியையும் காட்டியது. 1995இல் இயற்றப்பட்ட பரஸ்பர உதவிக் கூட்டுறவுச் சங்கச் சட்டம், அரசின் பங்குத் தொகை இல்லாத சங்கங்கள் தம் துணைவிதிகளைத் தாமே வகுக்கவும் தம் தேர்தலைத் தாமே நடத்தவும் வழிவிட்டது. பிற மாநிலங்கள் பின்பற்றிய முன்மாதிரி அது. பின்னர் 2006இல், அச்சட்டத்தின்கீழ்ச் சென்றிருந்த பால் சங்கங்களை மீண்டும் பழைய சட்டத்தின்கீழ் இழுக்க அரசு திருத்தம் கொண்டுவந்தது. 2011இல் உச்ச நீதிமன்றம் அத்திருத்தத்தைச் செல்லாது என்றது. அதே ஆண்டின் 97ஆவது அரசமைப்புத் திருத்தம் கூட்டுறவுச் சங்கம் அமைப்பதை அடிப்படை உரிமையாக்கியது. சட்டப் போரில் வெற்றிதான். எனினும் சுதந்திரம் பெற்ற சங்கங்களுக்கு வேறொரு பக்கத்திலிருந்து ஆபத்து வந்தது. அரசின் பிடியிலிருந்து விலகிய சில பால் சங்கங்கள் உற்பத்தியாளர் நிறுவனங்களாக உருமாறிக் கம்பெனிச் சட்டத்தின் குடைக்குள் சென்றன. அரசிடமிருந்து காக்கும் வேலியை எழுதியவர்கள், விற்பனையிலிருந்து காக்கும் வேலியை எழுத மறந்தனர்.

இங்கே இடதுசாரி நண்பர்கள் ரோசா லுக்சம்பர்க்கை நினைவூட்டுவார்கள். போட்டிச் சந்தைக்குள் இயங்கும் உற்பத்திக் கூட்டுறவு ஒன்று முதலாளிய நிறுவனமாக மாறும், அல்லது கலைந்துபோகும் என்பது அவர் வாதம். பாதி உண்மை. அதே மரபில் மார்க்ஸ் 'மூலதனம்' மூன்றாம் தொகுதியில், தொழிலாளரின் கூட்டுறவு ஆலைகள் பழைய அமைப்பின் குறைகளைச் சுமந்தபடியே பழைய அமைப்பிற்குள் ஏற்படும் முதல் உடைப்பு என்று கணித்ததும் உண்மை. இரண்டையும் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் முடிவு, தனித்து நிற்கும் கூட்டுறவு சாகும் என்பதே. கூட்டுறவே கூடாது என்பதற்கு அதில் இடமில்லை.

சான்றுகளைப் பாருங்கள். 1960களின் இறுதியில் கேரளத்தில் பீடித் தொழிலாளர் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, மங்களூர் முதலாளிகள் தம் கூடங்களை மூடிவிட்டுச் சென்றனர். வேலை இழந்தோரைக் கொண்டு 1969இல் கண்ணூரில் தினேஷ் பீடி கூட்டுறவு எழுந்தது. ஒரு கட்டத்தில் 40,000க்கும் மேற்பட்டோர்க்கு அது வேலை தந்தது. பீடிக்கு எதிர்காலம் இல்லை என்று தெரிந்தபோது, 1990களின் பிற்பகுதியில் உணவுப் பொருள், குடை எனத் தொழிலை மாற்றத் தொடங்கியது. தனியார் முதலாளியாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்? கூடத்தை மூடி நிலத்தை விற்றிருப்பார். வடகரைப் பகுதியில் 1925இல் வாக்படானந்தரின் சீடர்கள் பதினான்கு பேர் தொடங்கிய ஊராளுங்கல் தொழிலாளர் கூட்டுறவு, இன்று பாலங்களும் சாலைகளும் கட்டுகிறது, கோழிக்கோட்டில் தகவல் தொழில்நுட்பப் பூங்கா நடத்துகிறது. அதன் எல்லைகளையும் மறைக்க வேண்டாம். அரசு ஒப்பந்தங்களே அதன் முதுகெலும்பு. உறுப்பினரல்லாத தொழிலாளரும் அங்கு உழைக்கின்றனர். ஸ்பெயினின் மொந்திராகோன் குழுமத்தில் ஃபாகோர் வீட்டுச் சாதன நிறுவனம் 2013இல் நொடித்தபோது, உறுப்பினர்களுள் பெரும்பாலோரைக் குழுமத்தின் பிற கூட்டுறவுகள் ஏற்றுக்கொண்டன. உறுப்பினரல்லாத கூலித் தொழிலாளருக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. கூட்டமைப்பு காப்பாற்றும் என்பதும், உறுப்புரிமைக்கு வெளியே நிறுத்தப்பட்டவரைக் காப்பாற்றாது என்பதும் இந்த ஒரே நிகழ்வில் தெளிவாகின்றன.

எனவே நாராயணவனத்தில் ஒரு நெசவாளர் அமைப்பு நாளைய சமூகத்திற்கு இன்றே தயாராக வேண்டும் என்றால், அது செய்ய வேண்டியவை என நான் கருதுவன இவை.

ஒன்று, தறிக்கு முன் நூல். கூட்டுடைமை நூல் வங்கியிலிருந்து தொடங்க வேண்டும். பாவு யார் கையிலிருந்து வருகிறதோ அவரே அந்தத் தறியின் எசமானர். நூல் வாங்கவும், துணி விற்கவும், அவசரக் கடன் தரவும் ஒரே சங்கத்தால் இயலாது. நகரி சித்தூர் மாவட்டத்திலும் புத்தூர் திருப்பதி மாவட்டத்திலும் இருப்பதைப் பொருட்படுத்தாமல், மாநில எல்லைக்கு அப்பால் திருத்தணிச் சங்கங்களையும் சேர்த்துக் கூட்டமைப்பு தேவை. 1960இல் வரையப்பட்ட எல்லைக்கோடு நூல் விலையைப் பிரிக்கவில்லை; நெசவாளரை மட்டும் ஏன் பிரிக்க வேண்டும்?

இரண்டு, பகிர முடியாத காப்பு நிதி. உபரியில் ஒரு பங்கு யாருக்கும் பிரித்துத் தரப்படாத பொது நிதியாக இருக்க வேண்டும். சங்கம் கலைந்தால் அந்நிதியும் சொத்தும் வேறொரு கூட்டுறவுக்கே செல்லும் என்பது துணைவிதியில் இருக்க வேண்டும். கூட்டுறவு வளர்ந்து நிலத்தின் மதிப்பு ஏறிய பிறகு 'விற்றுப் பிரித்துக்கொள்வோம்' என்ற ஆசை எவருக்கும் வரும். ஆசை வருவதற்கு முன்பே கதவை அடைத்துவிட வேண்டும்.

மூன்று, தார் சுற்றும் பெண்ணுக்குத் தனி உறுப்புரிமை. குடும்பத்திற்கு ஒரு வாக்கு என்பது நடைமுறையில் குடும்பத் தலைவருக்கு ஒரு வாக்கு. அவளுடைய உழைப்பு கூலிக் கணக்கில் தனி வரியாக ஏறாதவரை, அந்தக் கூட்டுறவு வீட்டிற்குள் ஒரு முதலாளியை வைத்துக்கொண்டே வெளியே முதலாளியத்தை எதிர்க்கிறது.

நான்கு, கணக்கு உரக்கப் படிக்கப்பட வேண்டும். ஆண்டிற்கொருமுறை தணிக்கை அறிக்கையை மேசையில் வைத்துக் கையொப்பம் வாங்குவது பேரவைக் கூட்டம் ஆகாது. மூன்று மாதத்திற்கொருமுறை, தறித் தெருவிலேயே, தெலுங்கிலும் தமிழிலும், நூல் எவ்வளவுக்கு வந்தது, துணி எவ்வளவுக்குப் போனது, மேலாளர் சம்பளம் எவ்வளவு என்று படிக்கப்பட வேண்டும். கணக்கு எழுதும் பணியைச் சுழற்சியில் பழக்க வேண்டும். தொழிலாளருக்கு நிர்வாகம் தெரியாது என்பவர்கள், அவர்களை எப்போதாவது கணக்கேட்டின் அருகில் உட்கார வைத்ததுண்டா?

ஐந்து, அரசிடம் பெறுவதற்கும் அரசிடம் அடங்குவதற்கும் இடையிலான கோடு. 2019இல் ஆந்திர அரசு சொந்தத் தறியுள்ள நெசவாளர் குடும்பத்திற்கு ஆண்டுக்கு 24,000 ரூபாய் வழங்கத் தொடங்கியபோது அதைப் பெற்றது உரிமை. குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் கையில் வரும் தொகை நூல் சந்தையை மாற்றுவதில்லை. ஆட்சி மாறினால் பெயர் மாறும், சில வேளை தொகையும் நிற்கும். 2020இல் அகில இந்தியக் கைத்தறி வாரியமே ஓர் அறிவிக்கையால் கலைக்கப்பட்டதை மறக்க வேண்டாம். மேலிருந்து தரப்பட்டதை மேலிருந்தே எடுத்துவிட முடியும்.

இவற்றில் எதுவும் புரட்சியன்று, ஒப்புக்கொள்கிறேன். தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பா 1945இல் 'நிலைத்த பொருளாதாரம்' பற்றி எழுதியபோது அவரையும் பழமைவாதி என்று ஒதுக்கியவர்கள் உண்டு. அவர் கேட்ட வினா, ஒரு தொழிலின் அமைப்பு அதை நடத்துவோரிடத்தில் எத்தகைய மனிதரை உருவாக்குகிறது என்பது. இன்று சத்தியவேட்டை ஒட்டிய ஸ்ரீசிட்டியில் செல்பேசி பூட்டும் தொழிற்கூடங்களுக்குப் பேருந்தில் ஏறிச் செல்லும் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்து, 'குலத்தொழிலை விடாதே' என்று உபதேசிக்க எனக்கு உரிமை இல்லை. மாதச் சம்பளம் தறிக் கூலியைவிட மேலானது என்று அவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள், கணக்கு சரிதான். அவர்களுக்கு நாம் காட்ட வேண்டியது பரம்பரைப் பெருமையன்று. தன் வேலையிடத்தின் கணக்கைக் கேட்கும் உரிமை உள்ள மனிதராக வாழ முடியும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு வேண்டும். அந்த எடுத்துக்காட்டு ஊரில் இருந்தால், அந்தப் பழக்கத்தை அவர்கள் தொழிற்கூடத்திற்குள்ளும் எடுத்துச் செல்வார்கள்.

இனி நம்மிடம் வருவோம். நெசவாளர்க்குப் பாடம் நடத்திவிட்டு எழுந்து போவது நம் துறையின் வழக்கம். அதை இப்போது செய்ய வேண்டாம்.

ஆய்வாளர் நிலை என்ன? தறி நம்முடையது: மூளை, கண், தூக்கம் கெட்ட இரவுகள். ஆய்வுத் தொகை மக்கள் வரிப்பணம். எழுதுகிறோம், பன்னாட்டுப் பதிப்பகத்தின் இதழுக்கு இலவசமாகக் கொடுக்கிறோம். அதை மதிப்பிடும் பேராசிரியரும் இலவசமாக மதிப்பிடுகிறார். பிறகு நம் நூலகமே அதைப் பணம் கொடுத்துத் திரும்ப வாங்குகிறது. 2024 நவம்பரில் ஒன்றிய அரசு ஒப்புதல் அளித்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்திற்கு மூன்று ஆண்டுகளுக்கு ஒதுக்கப்பட்டது 6,000 கோடி ரூபாய். பெறுவோர் முப்பது பதிப்பகங்கள். மாணவர்க்கு அணுக்கம் கிடைப்பது நல்லதே. ஆனால் அந்தத் தொகையின் ஒரு சிறு பங்கில், இந்திய மொழிகளில், பல்கலைக்கழகங்களே கூட்டாக உடைமை கொண்ட திறந்த இதழ்களை நடத்த முடியாதா? நாராயணவனத்துத் தறிக்காரராவது கூலி பெறுகிறார். நாம் துணியைக் கொடுத்துவிட்டு, அதைப் பார்ப்பதற்கும் கட்டணம் செலுத்துகிறோம். கூலி நெசவைச் சுரண்டல் என்று எழுதும் கட்டுரையையே இந்த ஏற்பாட்டில்தான் வெளியிடுகிறோம்.

இன்னும் அருகே வாருங்கள். பல வளாகங்களில் ஊழியர் கூட்டுறவுச் சிக்கன நாணயச் சங்கம் உண்டு. சிலவற்றில் பண்டகசாலையும் உண்டு. அதன் பேரவைக் கூட்டத்திற்கு நம்மில் எத்தனை பேர் சென்றிருக்கிறோம்? ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளரும் கௌரவ விரிவுரையாளரும் அதில் உறுப்பினராக முடியுமா என்று துணைவிதியைப் புரட்டிப் பார்த்தவர் யார்? ஒரே பாடத்தை நடத்தும் இருவரில் ஒருவர் மற்றவரைப் போலப் பல மடங்கு ஊதியம் பெறும் துறையில், சமத்துவச் சமூகம் பற்றிய கருத்தரங்கின் வரவேற்புரையை அந்தக் கௌரவ விரிவுரையாளரே வழங்குகிறார். அவர் பெயர் அழைப்பிதழில் கடைசியில் இருக்கிறது.

'இவ்வளவு சிறிய செயல்களா முதலாளியத்தை வீழ்த்தும்?' என்று கேட்பீர்கள். வீழ்த்தும் என்று நான் சொல்லவில்லை. முதலாளியம் எப்படி முடியும், எப்போது முடியும் என்று அறிந்தவர் எவருமில்லை. அது முடியும் நாளில், அல்லது அது ஒரு நெருக்கடியில் சில ஆண்டுகள் தடுமாறும் நாளில், கூட்டாகக் கணக்கு எழுதத் தெரிந்தவர்களும், உபரியைச் சண்டையின்றிப் பங்கிடப் பழகியவர்களும், தலைவரை வாக்களித்து இறக்கிய அனுபவம் உள்ளவர்களும் ஊருக்கு எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே அடுத்து வருவது அமையும். மங்களூர் முதலாளிகள் கூடத்தை மூடிய அன்று கண்ணூரில் அத்தகையோர் இருந்தனர். அவர்களுக்குச் சங்கம் நடத்திய நெடுநாள் பயிற்சி இருந்தது. சித்தூர்ப் பால்பண்ணை மூடிய அன்று இங்கே அப்பயிற்சி இருக்கவில்லை. வேறுபாடு இவ்வளவே. இது பிறவிக் குணத்தாலோ பண்பாட்டாலோ வந்த வேறுபாடன்று, பழக்கத்தால் வந்தது. பழக்கத்திற்கு ஆண்டுகள் வேண்டும். ஆகவேதான் 'இன்றே' என்கிறேன்.

ஒரு முன்மொழிவோடு முடிக்கிறேன். முதலாளியத்திற்குப் பிந்தைய சமூகம் குறித்த அடுத்த கருத்தரங்கில், ஒவ்வொரு கட்டுரையாளரும் தாம் உறுப்பினராக உள்ள ஏதேனும் ஓர் அமைப்பின் துணைவிதி நகலைக் கொண்டுவரட்டும்: சிக்கன நாணயச் சங்கம், ஆசிரியர் சங்கம், அடுக்குமாடிக் குடியிருப்பு நலச் சங்கம், எதுவாயினும் சரி. அதில் எந்த விதியை மாற்றினால் அதிகாரம் யார் கையிலிருந்து யார் கைக்குச் செல்லும் என்பதை ஐந்து நிமிடத்தில் சொல்லட்டும். எந்த அமைப்பிலும் உறுப்பினராக இல்லாதவர், கட்டுரை படிப்பதற்கு முன் ஒன்றில் சேர்ந்துவிட்டு வரட்டும்.

மறுப்பு உள்ளவர்கள் எழுதுங்கள். குறிப்பாக, கூட்டுறவுகளில் வேலை செய்து மனம் கசந்து வெளியேறியவர்கள் எழுதுங்கள். உங்கள் கசப்பில் இருக்கும் விவரங்கள் எங்களுக்குத் தேவை.